தற்காப்பும் முதற்சீலமும்

பஞ்சசீலம் ஏற்கும் ஒவ்வொருவரும் உயிர்க்கொலையினின்று விலகும் பயிற்சியையே முதற்கண் மேற்கொள்ளுகின்றனர். அங்ஙனம் சீலம் ஏற்று ஒழுகும் உபாசகர் ஒருவரை ஒருவன் கொல்ல வருகிறான் எனக் கொள்வோம். அவர் தம் உயிரையோ, தம் மனைவி மக்களின் உயிரையோ காக்கும் பொருட்டுக் கையில் அகப்பட்டதைக் கொண்டு எதிர்க்கிறார். அவ்வெதிர்ப்பில் வந்தவன் மாண்டு போகிறான். இப்பொழுது அவ்வுபாசகரின் நிலை யாது? சட்டம் அவரை எங்ஙனம் நோக்கும்? தம்மம் அவர் செயலை எங்ஙனம் அளக்கும்? அவருடைய மனம் அதன்பின் என்ன பாடுபடும்? அவரைச் சேர்ந்த நாம் அவரை எவ்வாறு நடத்துதல் வேண்டும்?

தம்ம வகுப்புகளில் இவ்வினா எழும்போது பெரும்பாலும் இருவகை விடைகள் கூறப்படுகின்றன. கொலை எவ்வாற்றானும் கொலையே, அவர் சீலம் கெட்டார் என்பது ஒன்று. கொல்ல வந்தவனைக் கொன்றது வீரம், அதில் வருந்துதற்கு ஒன்றுமில்லை என்பது மற்றொன்று. முன்னது உயிர் தப்பியவரைத் தனிமையில் தள்ளுகிறது. பின்னது அவர் உள்ளத்தில் நிகழ்வதை அவர் பேசவொட்டாமல் வாயை அடைக்கிறது. இரண்டும் ஆராயாது கூறப்பட்டவை. ஆதலின் இப்பாடத்தில் சட்டம், உடல், தம்மம், மனம் என்னும் நான்கையும் தனித்தனியே எடுத்து நோக்கி, அவற்றின் அளவைகள் எங்கு ஒன்றுபடுகின்றன, எங்கு வேறுபடுகின்றன என்பதைக் காண்போம்.

வினா நமக்கு உரியதாதல்

இதனை ஏட்டளவில் நின்று ஆராய்வோர் உண்டு. நம்மவர்க்கோ இது வாழ்வோடு ஒட்டிய வினா. பண்டித அயோத்திதாசர் 1898-ஆம் ஆண்டில் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று பஞ்சசீலம் பெற்றுத் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் வேரூன்றிய இடங்களுள் நம் தங்கவயலின் மாரிகுப்பமும் சாம்பியன் ரீப்பும் சிறப்புடையன. அந்நாளில் சங்கத்திற் சேர்ந்தோருட் பலர், ஊர்ப்புறத்தில் நிலமும் நீரும் மறுக்கப்பட்டு, வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சுரங்கத் தொழிலை நாடி வந்தவர்கள். அடிப்பவனை எதிர்த்து நிற்கலாமா என்னும் கேள்வி அவர்களுடன் கூடவே வந்தது.

அக்கேள்வி பழங்கதையாகிவிடவும் இல்லை. 2000-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள், அன்று நம் கோலார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சிந்தாமணி வட்டத்துக் கம்பாலபள்ளியில் தலித் மக்கள் 7 பேர் வீட்டிற்குள் வைத்து எரித்துக் கொல்லப்பட்டனர். 2006-ல் விசாரணை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டோரை விடுதலை செய்தது. 2014-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அவ்விடுதலையை உறுதி செய்தது. இச்செய்தியைப் படித்த ஓர் இளைஞர், என் வீட்டு வாயிலுக்கு நெருப்புடன் வருபவனை நான் என்ன செய்வது என்று கேட்பாரானால், அகிம்சை என்னும் ஒரு சொல்லை மட்டும் அவர் கையில் கொடுத்தனுப்புதல் விடையாகாது. தாக்கப்படும் அச்சமின்றி உறங்குவோர், தாக்கப்படுவோர்க்குப் பொறுமையைப் போதிப்பது எளிது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1995-ல் வகுக்கப்பட்ட விதிகளோ, தேவை எனக் கருதப்படுமிடத்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கே படைக்கல உரிமம் வழங்கலாம் என்றும் கூறுகின்றன. அரசே இவ்வினாவை எண்ணிப் பார்த்திருக்கிறது என்பது இதனால் விளங்கும்.

சட்டம் கூறுவது

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் தற்காப்புரிமையை வகுத்துக் கூறிற்று. 2024 ஜூலை 1-ஆம் நாள் முதல் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அவ்விதிகள் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளாக அமைந்துள்ளன. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமை எவர்க்கும் உண்டு. எதிர்ப்பில் தாக்குவோனின் உயிரே போயினும் குற்றமாகாத நிலைகளை 38-ஆம் பிரிவு எண்ணிக் கூறுகிறது: மரணம் நேரும் என்னும் நியாயமான அச்சம், கொடுங்காயம் நேரும் என்னும் அத்தகைய அச்சம், பாலியல் வன்கொடுமை, இயற்கைக்கு மாறான காமத் தாக்குதல், ஆட்கடத்தல், அதிகாரிகளின் உதவியை நாடவொட்டாமல் அடைத்து வைத்தல், அமிலம் வீசுதல் என்பன அவை. இறுதியாகக் கூறிய அமிலத் தாக்குதல் 2013-ல் சேர்க்கப்பட்டது.

இவ்வுரிமைக்கு எல்லைகளும் உண்டு. அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுதற்குக் காலம் இருக்குமாயின் உரிமை எழாது. காத்துக்கொள்ளுதற்கு வேண்டிய அளவினும் மிகுதியான தீங்கு செய்தல் கூடாது. அச்சம் தோன்றும்போது உரிமை தோன்றி, அச்சம் நீடிக்குமளவும் நீடித்து, அது நீங்கியவுடன் முடிந்துவிடும்.

1962-ஆம் ஆண்டில் ஜெயதேவ் எதிர் பஞ்சாப் மாநிலம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை விளக்கிற்று. உயிருக்கு இடர் வந்த நேரத்தில் ஒருவன் செலுத்தும் வலிமையைப் பொன் நிறுக்கும் தராசில் வைத்து நிறுத்தல் ஆகாது என்று கூறியது. குன்றிமணி எடையையும் விடாது நிறுத்த தங்கவயலார்க்கு இவ்வுவமையின் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அவ்வழக்கிலேயே, எதிரிகள் பின்வாங்கி ஓடத் தொடங்கிய பின் சுட்டதற்குத் தற்காப்பு என்னும் பெயர் பொருந்தாது என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. இடருள்ள பொழுதில் தாராளமும், இடர் நீங்கிய பின் கண்டிப்பும் ஆகிய இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் 2012-ல் மதுரையில் மகளைக் காக்கும் பொருட்டுக் கணவனை அடித்துக் கொன்ற ஒரு தாயும், 2021-ல் திருவள்ளூர் மாவட்டத்தில் வன்கொடுமை செய்ய வந்தவனைக் கொன்ற ஓர் இளம்பெண்ணும் இவ்வுரிமையின் அடிப்படையில் போலீசாரால் விடுவிக்கப்பட்டனர். எல்லா வழக்கும் இங்ஙனம் தொடக்கத்திலேயே முடிவதில்லை. நீதிமன்றத்திற்குச் செல்லுமிடத்துத் தற்காப்பைக் காட்டும் பொறுப்பு அதனைக் கூறுவோரைச் சார்ந்தது. எனினும் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அவ்வாறு நிகழ்ந்திருத்தலே பெரிதும் பொருந்தும் எனக் காட்டினால் அமையும்.

அக்கணத்தில் உடல்

சட்டம் அமைதியான அறையில் அமர்ந்து ஆராய்வதை, தாக்கப்படுவோர் ஓரிரு நொடிகளில் முடிவு செய்ய நேர்கிறது. அந்நொடிகளில் உடலில் நிகழ்வதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்து உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் தம் சாற்றைக் குருதியிற் கலக்கின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கிறது. குருதி கைகால்களின் பெருந்தசைகளுக்குப் பாய்கிறது. போரிடுதற்கோ ஓடுதற்கோ உடல் இங்ஙனம் ஆயத்தமாகிறது. அந்நேரத்தில் பெருவலிமை பிறக்கும்; பூட்டைத் திறத்தல், எண்ணை அழுத்துதல் போன்ற நுண்தொழில்களுக்கு விரல்கள் இணங்கமாட்டா.

புலன்களும் மாறுபடுகின்றன. அமெரிக்கப் போலீஸ் அதிகாரிகள் 80 பேர் ஈடுபட்ட 113 துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்து டேவிட் கிளிங்கர் என்னும் அறிஞர் 2004-ல் ஒரு நூல் வெளியிட்டார். சிலர்க்கு எதிரியின் கையிலிருந்த ஆயுதம் மட்டுமே தெரிந்து, சுற்றியிருந்த யாவும் மறைந்தன. பலர்க்குத் தம் துப்பாக்கியின் ஓசையே மெலிந்து கேட்டது. காலம் மெல்ல ஊர்ந்ததாகச் சிலரும், விரைந்து ஓடியதாகச் சிலரும் கூறினர். இத்தகைய நிகழ்ச்சிகளின் ஒரு பகுதி நினைவிலிருந்து மறைந்துபோதலும், நிகழாத ஒன்று நிகழ்ந்ததாகப் பதிதலும் உண்டென அலெக்சிஸ் ஆர்ட்வோல் என்னும் உளநூலார் 2002-ல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. இவர்கள் படைக்கலப் பயிற்சி பெற்றவர்கள். பயிற்சியே இல்லாத ஒரு குடும்பத் தலைவிக்கோ, தொழிலாளிக்கோ இம்மயக்கம் குறைவாக இருக்கும் என எதிர்பார்த்தல் முறையன்று.

இதனால் அறிய வேண்டுவது யாதெனின், அந்நேரத்தில் கண்டதனைத்தும் மெய்யாகாது என்பதே. நம் மணிமேகலைக் காப்பியம் இதனை நன்கு காட்டுகிறது. காயசண்டிகையின் வடிவம் தாங்கியிருந்த மணிமேகலையைத் தன் மனைவியென எண்ணிய விஞ்சையன் காஞ்சனன், அவளை நாடி நள்ளிரவில் வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். பின்னரே, அவள் தன் மனைவி அல்லள் என்பதைக் கந்திற்பாவை சொல்லக் கேட்கிறான். உதயகுமரன் மாண்டது அவனுடைய முன்வினைப் பயனேயாயினும், அறியாது கொன்ற காஞ்சனனையும் அக்கொலைவினை வந்து சேரும் என்று அப்பாவை உரைக்கிறது. மாண்டவனிடத்துத் தவறு இருந்தது என்பதால் கொன்றவனின் செயல் இல்லாததாகிவிடாது. இக்கருத்தே நம்மைத் தம்மத்தின் அளவைக்கு அழைத்துச் செல்கிறது.

தம்மம் இடும் கோடு

கொலை என்னும் வினை முழுமையாவதற்கு ஐந்து உறுப்புகள் வேண்டும் என உரையாசிரியர்கள் வகுத்துள்ளனர்: உயிருள்ள ஒன்று இருத்தல், அது உயிருள்ளது என அறிதல், கொல்லும் எண்ணம், அதற்குரிய முயற்சி, அம்முயற்சியால் மரணம் நேர்தல். இவற்றுள் நடுவில் நிற்கும் எண்ணமே, அஃதாவது சேதனையே, வினையின் உயிராகும். பகவன் வினையைச் சேதனையாகவே கொண்டார் என்பதை நாம் முன்னரே கற்றுள்ளோம்.

இனி விநயபிடகத்தை நோக்குவோம். பாசித்திய விதிகளுள் 74-ஆவது, சினத்தால் மற்றொரு பிக்குவை அடிக்கும் பிக்குவிற்குக் குற்றம் கூறுவது. அவ்விதிக்குரிய விளக்கத்தில் ஒரு விலக்கும் கூறப்பட்டுள்ளது. ஒருவனால் துன்புறுத்தப்படும் பிக்கு, அவனிடமிருந்து விடுபடும் எண்ணத்துடன் அடிப்பாராயின் குற்றமில்லை. இவ்வெண்ணத்தைப் பாலி மொழியில் மோக்காதிப்பாயம் என்பர். மனித உயிரைக் கொல்லுதல் பற்றிய மூன்றாம் பாராஜிக விதியின் விளக்கத்திலோ, மரணத்தைக் கருதாதவர்க்குக் குற்றமில்லை எனக் கூறப்பட்டுள்ளது. மரணத்தைக் கருதும் எண்ணம் மரணாதிப்பாயம் எனப்படும். துறவியர்க்கே விடுபடுதற்காக அடிக்க இடம் உண்டெனில், மனைவி மக்களைக் காக்கும் கடமையுடைய இல்லறத்தார்க்கு அது மறுக்கப்பட்டது எனக் கூறுதற்கு இடமில்லை.

ஆகவே தம்மம் இடும் கோடு, விடுபடும் எண்ணத்திற்கும் கொல்லும் எண்ணத்திற்கும் இடையே செல்கிறது. டாக்டர் அம்பேத்கர், 1957-ல் வெளிவந்த புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலில் இதனையொட்டியே ஆராய்கிறார். கொல்ல வேண்டும் என்னும் விருப்பம் வேறு, கொல்ல நேரும் தேவை வேறு எனப் பிரித்து, அகிம்சையை எண்ணிப் பின்பற்ற வேண்டிய கொள்கையாகக் கொண்டாரேயன்றிக் கண்மூடிப் பின்பற்றும் விதியாகக் கொள்ளவில்லை.

எனினும் இக்கோட்டை நமக்குச் சாதகமாக வளைத்துக்கொள்ளுதல் ஆகாது. போர்த்தொழிலையே வாழ்வாகக் கொண்ட ஒரு தலைவன், போரில் மடிவோர் சுவர்க்கம் புகுவர் என்பது மெய்தானோ எனப் பகவனை வினவிய செய்தி சங்யுத்த நிகாயத்தில் உள்ளது. பகவன் இருமுறை விடை தர மறுத்தார். மூன்றாம் முறை வற்புறுத்தப்பட்டபோது, எதிரிகள் வெட்டுண்டு அழிக என்னும் எண்ணத்தில் பிடிபட்ட மனம் முன்னமே தாழ்ந்துவிட்டது என விளக்கினார். கள்வனைக் கொல்லுமாறு சிரித்துக்கொண்டே ஆணையிடும் அரசனின் உள்ளத்திலும் அக்கணத்தில் துவேஷமே வேராக நிற்கிறது என அபிதம்ம உரையாசிரியர் கூறுவர். கொல்லும் எண்ணம் எழுந்த கணத்தை நற்கணம் என்று தம்மம் எங்கும் சொல்லவில்லை. வினையின் கனம், விருப்பத்தின் வன்மைக்கும் முயற்சியின் அளவுக்கும் ஏற்பக் கூடும், குறையும் என்று மட்டுமே சொல்கிறது. தன் குழந்தையின் மேல் விழுந்தவனை ஓரடி அடித்த தாயின் வினையும், நெடுநாள் திட்டமிட்டுப் பழிதீர்த்தவனின் வினையும் ஒரே நிறையுடையன அல்ல.

எண்ணமோ கணந்தோறும் மாறுவது. முதல் அடி விடுபடும் எண்ணத்தால் விழுகிறது. எதிரி வீழ்ந்து கிடக்கிறான். அவன் கையிலிருந்த கத்தி தெறித்துப் போயிற்று. இப்பொழுது விழும் அடி எவ்வெண்ணத்தால் விழுகிறது? சட்டத்தின் எல்லையும் தம்மத்தின் எல்லையும் ஒன்றுபடும் இடம் இதுவே. அச்சம் நீங்கிய பின் தொடரும் கையைச் சட்டம் காவாது. தம்மமும் அதற்குத் தற்காப்பு எனப் பெயரிடாது. பழிக்குப் பழி வாங்குவோர் அனைவரும் தற்காப்பின் பெயரையே சொல்லுவர் என்பதை நாம் நாட்டு நடப்பில் கண்டிருக்கிறோம்.

பின்னர் வரும் நாட்கள்

சட்டம் விடுவித்தது, தம்மத்தின் அளவிலும் எண்ணம் தூயதாகவே இருந்தது எனக் கொள்வோம். அத்துடன் முடிந்துவிடுமோ எனின், பலர்க்கு முடிவதில்லை. முதலில் நடுக்கமும் வாந்தியும் வரலாம். தாம் பிழைத்தோம் என்னும் மகிழ்ச்சி எழலாம். ஒருவன் மாண்டிருக்க நாம் மகிழ்ந்தோமே என்னும் வெட்கம் அதனைத் தொடரலாம். பின்னர் உறக்கமின்மை, அந்நிகழ்ச்சியே மீண்டும் மீண்டும் தோன்றும் கனவு, அவ்விடத்தைக் கடக்க அஞ்சுதல், சிற்றொலிக்கும் திடுக்கிடுதல், காரணமின்றிச் சினம், உற்றாரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியன வரக்கூடும். வேறு வழி இருந்ததோ, ஓடியிருக்கலாமோ என்னும் கேள்வி இரவெல்லாம் சுழலும்.

இத்துன்பங்களை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980-ல் ஒரு தனி நோய்நிலையாக ஏற்றுக்கொண்டது. தீங்குக்கு ஆளானோர்க்கே அது வரும் எனப் பலரும் எண்ணினர். வியட்நாம் போரில் ஈடுபட்டோரைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்த ரேச்சல் மேக்நேர் என்னும் உளநூலார், கொன்றவர்களிடத்தும் இந்நோய்க்குறிகள் காணப்படுவதையும், கொல்லாதவர்களினும் கொன்றவர்களிடத்து அவை மிகுந்திருப்பதையும் 2002-ல் வெளியிட்ட நூலில் காட்டினார். அதே போரின் வீரர்களுக்கு மருத்துவம் செய்த ஜோனதன் ஷே, அச்சத்தால் வரும் காயம் ஒன்று, நேர்மை முறிந்தது என்னும் உணர்வால் வரும் மனச்சான்றின் காயம் மற்றொன்று எனப் பிரித்துக் கூறினார். போர்க்களம் வேறு, வீட்டு வாயில் வேறு. ஆயினும் மனித உயிரை எடுத்த மனத்தின் இயல்பை இவ்வாராய்ச்சிகளால் ஓரளவு உணரலாம்.

எல்லோர்க்கும் இவை நேரும் எனவும் கொள்ளற்க. கிளிங்கர் ஆராய்ந்த அதிகாரிகளுள் பலர் சில வாரங்களில் தம் இயல்பு நிலைக்குத் திரும்பினர். ஒருவர் அழவில்லை, உறக்கம் இழக்கவில்லை என்பதால் அவர் கொடியவர் ஆகார். ஒருவர் பல ஆண்டுகள் வருந்துவதால் அவர் குற்றவாளி ஆகார்.

சாம்பியன் ரீப்பின் ஆழ்சுரங்கங்களில் உழைத்தோர் ஓர் உண்மையை அறிவர். கனிமத்தைத் தோண்டி எடுத்த பின், அது தாங்கியிருந்த பாரம் சுற்றியுள்ள பாறைகளின் மேல் ஏறிவிடும். மேற்பார்வைக்கு யாவும் அமைதியாகத் தோன்றும். ஒரு நாள் முன்னறிவிப்பின்றிப் பாறை வெடித்துச் சிதறும். மனமும் அத்தகையதே. பேசப்படாத பாரம் எங்கும் போய்விடுவதில்லை. அதனைச் சாராயத்தால் அமுக்க முயல்வோர் ஐந்தாம் சீலத்தையும் இழந்து, பாரத்தையும் பெருக்கிக்கொள்கின்றனர்.

பொய்யாறுதலும் மெய்யாறுதலும்

இத்தகைய மனத்திற்கு ஆறுதல் எது? இரு பெரும் அரசர்களின் வரலாற்றை ஒப்பிட்டு நோக்குவோம். அவர்கள் செய்தவை போர்களாதலின் தற்காப்புடன் முற்றும் ஒவ்வா. கொலைக்குப் பின் மனம் நடத்தப்பட்ட முறையே நமக்கு இங்கு வேண்டுவது.

இலங்கையின் துட்டகாமணி, தமிழ் மன்னன் எல்லாளனை வென்ற பின், மாண்ட எண்ணிறந்தோரை நினைந்து மகிழ்ச்சியற்றிருந்தான் என மகாவம்சத்தின் 25-ஆம் அதிகாரம் கூறுகிறது. அவனைத் தேற்ற வந்த எட்டுத் துறவியர், மாண்டோருள் திரிசரணம் ஏற்ற ஒருவனும் பஞ்சசீலம் ஏற்ற ஒருவனும் சேர்ந்து ஒன்றரை மனிதரே என்றும், ஏனையோர் விலங்குகளை ஒப்பர் என்றும் சொன்னதாக அந்நூல் எழுதுகிறது. தமிழராயும் பௌத்தராயும் உள்ள நாம் இப்பகுதியைக் கூசாமல் படித்து, கூசாமல் மறுக்க வேண்டும். உயிர்கள் யாவும் அடிக்கு அஞ்சுகின்றன என்று போதித்த பகவனின் வாக்குடன் இது பொருந்தாது. மாண்டவனை மனிதன் அல்லன் என்று சொல்லித் தரும் அமைதி, அடுத்த கொலைக்கு வழிகோலும். அவ்வரசனின் வருத்தமே அத்தேறுதலினும் தம்மத்திற்கு அணுக்கமாய் இருந்தது. எல்லாளனின் நினைவிடத்தை அணுகுகையில் இலங்கை அரசர் இசை முழக்கத்தை நிறுத்தி வந்ததும் அந்நூலிலேயே உள்ளது.

மற்றொருவர் அசோகர். அவர் பெயரைத் தாங்கிய சிறு கல்வெட்டு, நம் கர்நாடகத்து மஸ்கியில் 1915-ல், தங்கம் தேடிச் சென்ற பீடன் என்னும் சுரங்கப் பொறியாளரால் கண்டறியப்பட்டது என்பது தங்கவயலார்க்குச் சுவை தரும் செய்தி. தம் 13-ஆம் பாறைச் சாசனத்தில், கலிங்கத்தில் 1,00,000 பேர் கொல்லப்பட்டதையும் 1,50,000 பேர் சிறைப்பிடித்துச் செல்லப்பட்டதையும் அவரே கணக்கிட்டு, அதற்கு வருந்துவதாகப் பொறித்தார். மாண்டோரின் எண்ணிக்கையை அவர் குறைக்கவில்லை. அவர்களை விலங்கென்றும் சொல்லவில்லை. அதே சாசனத்தில், காட்டு மக்களுக்குத் தம் தண்டிக்கும் வலிமையையும் நினைவூட்டுகிறார். வருந்தினார் என்பதால் காக்கும் கடமையைக் கைவிடவில்லை; கடமை இருந்தது என்பதால் வருத்தத்தை மறைக்கவும் இல்லை.

மெய்யாறுதல் இவ்வழியினதே. மாண்டவனும் மனிதன், நீங்கள் உயிர் காக்கவே எதிர்த்தீர்கள், இவ்விரண்டும் உண்மை என்று தப்பியவரிடம் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தல் பொய்யாறுதல். வழிப்பறியும் கொலையுமே தொழிலாய் இருந்த அங்குலிமாலரும், பிற்காலத்தில் பிரசவ வேதனையுற்ற ஒரு பெண்ணுக்கும் குழந்தைக்கும் தம் சத்திய வாக்கால் நலம் விளைத்தார் என மச்சிம நிகாயம் கூறும். அவருக்கே உயிர்காக்கும் வழி திறந்திருந்தது எனில், உயிர்காக்கப் போய் உயிர் எடுக்க நேர்ந்தவர்க்கு அது மூடியிருத்தல் எங்ஙனம்?

நாம் செய்யத்தக்கவை

இடர் வருமுன் செய்யத்தக்கன சில உள. விலகிச் செல்லுதல், உரக்கக் கூவி அயலாரைச் சேர்த்தல், கதவையும் விளக்கையும் செப்பமாக வைத்தல், 112 என்னும் அவசர எண்ணைக் குழந்தைகளுக்கும் கற்பித்தல், மிரட்டல் வந்த அன்றே எழுத்து மூலம் போலீஸ் நிலையத்தில் முறையீடு செய்து நகல் பெறுதல் ஆகியவை கோழைத்தனம் அல்ல. அவை ஈருயிரையும் காப்பன. தனியொருவனைத் தாக்கத் துணிவோர், ஒன்றுபட்ட தெருவைத் தாக்கத் தயங்குவர். தினமும் செய்யும் மெத்தை தியானமும், சினம் எழுவதை எழும்போதே அறியும் பயிற்சியும், நிற்க வேண்டிய இடத்தில் கையை நிறுத்த உதவும்.

நிகழ்ந்த பின், காயமுற்றவன் எதிரியேயாயினும் அவனுக்கு மருத்துவ உதவி அழைத்தல் வேண்டும். விடுபடும் எண்ணமே இருந்தது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று இல்லை. போலீசாரிடம் நினைவில் உள்ளதை மட்டும் கூறி, நினைவில் இல்லாததை இல்லை என்றே கூறுக; இடைவெளிகளைக் கற்பனையால் நிரப்புதல் நான்காம் சீலத்திற்கும் கேடு, வழக்கிற்கும் கேடு. வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பு தருகிறது. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்னும் எண் உண்டு. உறக்கமின்மையும் கனவும் சில வாரங்களுக்கு மேல் நீடிக்குமாயின், 14416 என்னும் டெலி மானஸ் எண்ணையோ, பெங்களூரின் நிம்ஹான்ஸ் போன்ற மருத்துவமனையையோ நாடுதல் வெட்கத்திற்குரியது அன்று.

சங்கத்தாராகிய நமக்கோ மூன்று கடமைகள். அவரை வீரர் என்று மாலையிட வேண்டா. பாவி என்று விலக்கவும் வேண்டா. எவ்வாறு கொன்றீர் என்று துருவிக் கேட்கவும் வேண்டா. அவர் பேச விரும்பும்போது அருகிருந்து கேட்பதே போதும். அவர் விரும்பினால் மீண்டும் திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்பிக்கலாம். மாண்டவரின் பெயரிலும் தானம் செய்து புண்ணியானுமோதனை செய்ய அவர் முன்வருவாராயின், அதனை நாம் தடுத்தல் ஆகாது. மாண்டவரின் வீட்டிலும் ஒரு தாய் அழுதுகொண்டிருப்பாள் என்பதை நாம் மறவாதிருந்தால், பகை அத்துடன் நிற்பதற்கு வழியுண்டு.

முதற்சீலம், தாக்கப்படுவோரைக் கைகட்டி நிற்கச் சொல்லும் விலங்கு அன்று. தப்புதற்கு உயர்த்திய கை, பழிதீர்க்கும் கையாக மாறிவிடாமல் காக்கும் பயிற்சி அது. தடுமாற நேர்ந்தோரை மீண்டும் கைகொடுத்து எழுப்புவதும் அச்சீலத்தின் பகுதியே. எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க.

வகுப்பில் ஆராய்தற்குரிய வினாக்கள்

1. விடுபடும் எண்ணம், கொல்லும் எண்ணம் ஆகிய இரண்டையும் விநய விதிகளைக் கொண்டு விளக்குக.
2. தற்காப்புரிமை எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடிகிறது? இதில் சட்டமும் தம்மமும் எங்ஙனம் ஒன்றுபடுகின்றன?
3. துட்டகாமணிக்குக் கூறப்பட்ட தேறுதலை நாம் ஏன் ஏற்பதில்லை?
4. உயிர் தப்பியவர் ஒருவர் நம் தெருவில் இருப்பாராயின், அவர்க்கும் அவர் குடும்பத்தார்க்கும் முதல் வாரத்தில் நாம் செய்யத்தக்க உதவிகளை எண்ணிக் கூறுக.